வரிகளை அடுக்கும் வினாவும் நான் விட்ட காற்புள்ளியும்

லினக்ஸ் என்ற கணினி இயங்குதளத்தின் நிர்வாகச் செயன்முறைப் பரீட்சையின் பெறுபேறு சென்ற செவ்வாய்க்கிழமை வந்தது. இரண்டாம் முறை தோற்றிச் சித்தியடைந்துவிட்டேன் என்ற ஆறுதலோடு எழுதுகிறேன். முதல் முறை என்னை வீழ்த்தியது கோப்பின் வரிகளை மறுவரிசைப்படுத்தும் வினா. ஆகவே, திருகோணமலையிலிருந்து அடுத்த முறை தோற்றவிருக்கும் தம்பி, தங்கையருக்கு அதைப் பற்றி மட்டுமே சொல்கிறேன்.

சுட்டெண், பிரிவு, புள்ளி என்ற மூன்று புலங்கள் காற்புள்ளியால் பிரிக்கப்பட்ட கோப்பு அது. பிரிவின் பெயர்ப்படி அடுக்கி, ஒரே பிரிவுக்குள் புள்ளிகளை இறங்குவரிசையில் வைக்க வேண்டும். வரிகளை அடுக்கும் 'சோர்ட்' கட்டளையை நான் 'சோர்ட் -டி, -கே2 -கே3என்ஆர்' என்று எழுதினேன். இதில் '-டி,' என்பது புலங்களைப் பிரிப்பது காற்புள்ளி என்று சொல்லும்; '-கே' என்பது எந்தப் புலத்தைக் கொண்டு அடுக்குவது என்ற திறவு; 'என்ஆர்' என்றால் எண்ணாகக் கொண்டு இறங்குவரிசையில் அடுக்கு என்று பொருள். உப்புவெளியில் வீட்டிலிருந்து படித்தபோது, எங்கள் மாவட்டத்தின் 11 பிரதேச செயலகப் பிரிவுகளின் பெயர்களை வைத்து நானே ஒரு பயிற்சிக் கோப்பைத் தயாரித்து, இதே கட்டளையைப் பலமுறை ஓட்டியிருந்தேன். மூதூருக்கு நான் இட்ட புள்ளிகள் 9, 65, 100. அவை 100, 65, 9 என்று ஒழுங்காகவே வந்தன, நானும் நம்பிவிட்டேன்.

'-கே2' என்பது இரண்டாம் புலத்தை மட்டும் குறிப்பதன்று. இரண்டாம் புலத்தில் தொடங்கி வரியின் இறுதிவரை முழுவதையும் குறிக்கும். எனவே பிரிவின் பெயரோடு புள்ளியும் ஒட்டிக்கொண்டு, எண்ணாக அல்லாமல் வெறும் எழுத்தாக ஒப்பிடப்படுகிறது. 'மூதூர்,100', 'மூதூர்,65', 'மூதூர்,9' ஆகியவற்றில் 1, 6, 9 என்ற முதல் இலக்கங்கள் ஏறுவரிசையில் அமைந்ததால், நான் தேர்ந்த எண்களில் மட்டும் அது இறங்குவரிசை போலத் தோன்றியது. பரீட்சைக் கோப்பில் ஒரே பிரிவுக்கு 45, 78, 100 இருந்தன. விடை 100, 45, 78 என்று வந்தது. முதல் திறவே புள்ளிவரை ஒப்பிட்டு முடித்துவிட்டதால், இரண்டாம் திறவுக்கு வேலையே இருக்கவில்லை.

எழுத வேண்டியது 'சோர்ட் -டி, -கே2,2 -கே3,3என்ஆர்'. தொடங்கும் புலத்தை எழுதினால் முடியும் புலத்தையும் எழுதுங்கள், ஒரே புலமானாலும். '--டிபக்' என்று சேர்த்து ஓட்டினால், ஒவ்வொரு வரியின் கீழும் எந்தப் பகுதி ஒப்பிடப்பட்டது என்று கோடிட்டுக் காட்டும். என்னைப் போல் அவசரப்படுபவர்கள் இதை ஒரு முறையாவது ஓட்டாமல் அடுத்த வினாவுக்குப் போகக் கூடாது.

ஏனையவை சுருக்கமாக:

- 'பட்டினமும் சூழலும்' என்ற எங்கள் பிரதேச செயலகப் பிரிவைப் போல் இடைவெளியுள்ள பெயர் வந்தால், '-டி' இல்லாத கட்டளை அதை இரண்டு, மூன்று புலங்களாக எண்ணும்.
- விடையை அதே கோப்புக்குள் '>' குறியால் திருப்பாதீர்கள். கட்டளை ஓடுவதற்கு முன்பே, கட்டளைகளை வாங்கி இயக்கும் ஷெல் கோப்பை வெறுமையாக்கிவிடும். விடையைக் கோப்பில் எழுதும் சோர்ட்டின் '-ஓ' தெரிவு பாதுகாப்பானது.
- வரிகளைக் கடைசியிலிருந்து தலைகீழாக்க 'டாக்' போதும்.
- தாறுமாறாகக் கலைக்க 'ஷஃப்' பயன்படுத்துங்கள். 'சோர்ட் -ஆர்' (பெரிய எழுத்து) ஒரே மாதிரியான வரிகளை அருகருகே சேர்த்துவிடும்.
- தலைப்பு வரி இருந்தால் 'ஹெட்' கொண்டு அதைப் பிரித்தெடுத்து, மீதியை மட்டும் அடுக்குங்கள்.

தமிழ்ப் பெயர்களை வைத்துப் பயில்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மொழிக்கேற்ற வரிசையைத் தீர்மானிக்கும் அமைப்பை 'எல்சி_ஆல்=சி' என்று மாற்றினால், எழுத்துகளுக்குக் கணினியில் தரப்பட்ட யுனிகோட் எண்வரிசையே பின்பற்றப்படும்; அதனால் ஜமாலியா, சீனக்குடாவுக்கும் தம்பலகாமத்துக்கும் இடையில் வந்து நிற்கும். நம் அகராதி வழக்கில் ஜகரம் இறுதியில் வர வேண்டியது. இதைக் கண்டு கட்டளை பிழை என்று நான் ஒரு மாலைப் பொழுதையே வீணாக்கினேன்.

இரண்டாம் முறை கொழும்புக்குப் போன இரவுப் புகையிரதத்தில் வேறொன்றையும் புரட்டவில்லை. '-கே2,2' என்பதை மட்டும் ஒரு தாளில் பெரிதாக எழுதி வைத்திருந்தேன். பரீட்சையில் நான்கு புலங்களுள்ள கோப்பு வந்தது. '--டிபக்' போட்டதும் திறவின் கோடு மூன்றாம் புலத்தோடு நின்றுவிட்டது. அதன் பிறகே விடையைச் சேமித்தேன்.