அங்குலம் இல்லாத தையல் அறை

கொழும்பு வெள்ளவத்தையில் என்னிடம் தைக்கக் கொடுப்பவர்களும் தையல் பழக வரும் பிள்ளைகளும் ஒன்றைத்தான் கேட்கிறார்கள்: ஏன் எல்லா அளவையும் சென்றிமீற்றரில் எழுதுகிறீர்கள்?

சாரிச் சட்டை வெட்டுவதை எடுத்துக்கொள்ளுங்கள். மார்பளவு முப்பத்தைந்தே கால் அங்குலம். அதை நாலாகப் பிரித்தால் எட்டு அங்குலமும் முக்காலே மாகாணியும் (பதினாறில் பதின்மூன்று பங்கு) வரும். என் நாடாவில் அரைக்கால் (எட்டில் ஒரு பங்கு) கோடு வரைதான் அச்சிட்டிருக்கிறார்கள்; மாகாணிக்கு (பதினாறில் ஒரு பங்கு) கோடு இல்லை. பழகும் பிள்ளை ஒரு கோடு இப்பாலோ அப்பாலோ தள்ளித்தான் குறிப்பாள். நாலு பக்கமும் அது சேர்ந்துவிட்டால் சட்டை கக்கத்தடியில் இறுக்கிப் பிடிக்கும். அதே உடம்பு சென்றிமீற்றரில் 89.5. நாலில் ஒரு பங்கு 22.4. மில்லிமீற்றர் கோட்டில் சோக்கை வைத்தால் வேலை முடிந்தது. கணக்குக்குப் பயந்து தையலை விடப் பார்த்த பிள்ளைகள் இப்போது துணியைத் தைரியமாக வெட்டுகிறார்கள். எனக்கு இதைவிடப் பெரிய சந்தோஷம் இல்லை.

பழைய கொப்பியில் உள்ள அங்குலங்களை நான் 2.54ஆல் பெருக்குவதில்லை. ஆளை நிறுத்தி மறுபடி அளக்கிறேன். "எனக்கு முப்பத்தாறு என்றே போடுங்கள், பிள்ளை" என்று வயதான அம்மாக்கள் சொல்வார்கள். "ஒருக்கால் அளந்து பார்ப்போம், அம்மா" என்பேன். உடம்பும் மாறியிருக்கும் அல்லவா?

இயந்திரத்திலும் மெற்றிக் முறை எப்போதோ வந்துவிட்டது. 14/90 என்று ஊசிப் பெட்டியில் இருக்கிறதே, அந்த 90 ஊசியின் தடிப்பு, 0.9 மில்லிமீற்றர். பழைய இயந்திரத்தில் அங்குலத்துக்குப் பத்துத் தையல் என்று வைத்தது, புதியதில் 2.5 மில்லிமீற்றர். கட்டுநாயக்க ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்துவிட்டு வந்தவர்களுக்கு இரண்டும் பழக்கம்: அமெரிக்க ஓடர் அங்குலத்தில் வரும், ஐரோப்பிய ஓடர் சென்றிமீற்றரில் வரும்.

எனக்கு உண்மையில் மனம் பொறுக்காதது புடவைக்கடையில் நடப்பது. நாடு 1970களிலேயே மெற்றிக் முறைக்குப் போகத் தொடங்கிவிட்டது. காலி வீதிக் கடைகளிலும் புறக்கோட்டையிலும் விலை மீற்றருக்குத்தான் எழுதியிருக்கிறது. ஆனால் வீட்டில் கணக்குப் போடுவது யார் என்ற பழைய அளவில், அதாவது கெஜத்தில். கல்யாணத்துக்குத் தோழிப் பெண்கள் எல்லோருக்கும் ஒரே துணியில் பாவாடை. இருபது யார் வேண்டும் என்று வீட்டில் முடிவெடுத்து, கடையில் இருபது மீற்றர் வெட்டிக்கொண்டு வருகிறார்கள். இருபது யார் என்பது 18.3 மீற்றர்தான். மிச்சம் 1.7 மீற்றரில் இரண்டு சட்டை தைக்கலாம். சாதாரணத் துணி என்றால் பரவாயில்லை. பட்டு என்றால் அது ஒரு குடும்பத்தின் காசு. துண்டுத் துணியைத் திருப்பிக் கொடுக்கும்போது அந்தத் தாயின் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருக்கும்.

ஆகவே கடைக்குப் போகுமுன் தைப்பவரிடம் மீற்றரில் எழுதி வாங்குங்கள். எழுதித் தர ஆள் இல்லையென்றால், யாரில் சொன்ன அளவில் பத்தில் ஒரு பங்கைக் கழியுங்கள். அதற்கு மேல் கொஞ்சம் சேர்த்தால் போதும். ஆறு யார் சாரித் துணிக்கு ஐந்தரை மீற்றர். இரண்டரை யாருக்கு 2.3 மீற்றர். பருத்தி என்றால் தண்ணீரில் சுருங்கும், இன்னும் பத்துச் சென்றிமீற்றர் கூட்டி வெட்டச் சொல்லுங்கள்.