கொடியில் காயும் பால் கவர்

எங்கள் தெருவில் இப்போது துணிக்கொடியில் சட்டையோடு பால் கவரும் காய்கிறது. கழுவாமல் சேர்த்தால் மறுநாளே புளிச்ச நாற்றம், அதனால் பக்கத்து வீட்டு அக்கா போட்ட சட்டம். சாக்கு நிறைந்ததும் பழைய பேப்பர் கடைக்குப் போகும்.

திருப்பரங்குன்றம் தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன் இந்த மாதிரிக் கவர்களைத்தான் பொடிசாக நறுக்கி, சூடான ஜல்லி மேல் தூவி, உருகி ஒட்டியதும் தார் கலந்தார். 2002-இல் கல்லூரிக்குள்ளேயே ரோடு போட்டுக் காட்டினார். 2018-இல் பத்மஸ்ரீ. (பிவிசி மட்டும் சேர்க்கக் கூடாது, சூட்டில் நச்சுப்புகை வரும்.) நம்ம ஊர்க்காரர்கள் பல பேருக்கே இது தெரியாது, அதுதான் எரிச்சல்.

"ஏந் தம்பி, நம்ம கவரு எந்த ரோட்டுக்குப் போகுது?" என்று அக்கா நேற்றுக் கேட்டார். கடைக்காரரிடம் கேட்டேன். சிரித்துக்கொண்டே சாக்கைத் தராசில் ஏற்றினார். ஒன்றரைக் கிலோ.