ரிஃப் வாசிக்கும்போது மற்ற ஐந்து கம்பிகள்

கிட்டார் கற்க வருபவர்களை முதலில் கார்டு (சில சுரங்களைச் சேர்த்து ஒலிக்கவைக்கும் விரல் அமைப்பு) பிடிக்கச் சொல்வதுதான் வழக்கம். நான்கைந்து கார்டுகள், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு விரல் மாற்றும் பயிற்சி, அதற்குப் பிறகே பாட்டு. நான் அந்த வரிசையில் போகவில்லை. என்னைக் கிட்டார் பக்கம் இழுத்தவை ராக் ரிஃப்கள். அதனால் அவற்றிலிருந்தே தொடங்கினேன். இப்போது யாராவது கேட்டாலும் அந்த வழியைத்தான் சொல்கிறேன். பாட்டு நெடுகத் திரும்பத் திரும்ப வரும் சிறிய சுரக்கோவைதான் ரிஃப். ஓரிரு கம்பிகள், நான்கைந்து சுரங்கள். கேட்பவர் "இது அந்தப் பாட்டு அல்லவா?" என்று கண்டுகொள்ளும் அளவுக்கு விரைவிலேயே வாசித்துவிடலாம்.

ஆனால் 'எளிய ரிஃப்' என்று எல்லோரும் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். சுரங்கள் எளியவை, உண்மை. உழைப்பு வேறிடத்தில் இருக்கிறது: வாசிக்காத கம்பிகளை வாய் திறக்கவிடாமல் வைப்பதும், ஒலித்த சுரத்தை உரிய இடத்தில் அடக்குவதும். பயிற்சி நேரத்தில் பாதிக்கு மேல் இதற்கே கொடுங்கள்.

தொடக்க வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தடித்த கம்பியிலிருந்து மெல்லியது வரை இ, ஏ, டி, ஜி, பி, இ என்று ஒவ்வொரு முறையும் ட்யூனர் வைத்துச் சுருதி சேருங்கள். டேப் எனப்படும் ஆறு கோட்டுக் குறிப்பில் அடிக்கோடுதான் தடித்த கம்பி. கோட்டின் மேலுள்ள எண் ஃப்ரெட்டை, அதாவது கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளில் எத்தனையாவது என்பதை, குறிக்கும். பூஜ்யம் என்றால் எந்த ஃப்ரெட்டையும் அழுத்தாமல் மீட்டுவது. பத்து நிமிடத்தில் புரிந்துவிடும். எளிய டேப்கள் பெரும்பாலும் சுரத்தின் நீளத்தைச் சொல்வதில்லை. அதைக் காதால்தான் பிடிக்க வேண்டும். கையில் கிட்டாரை எடுக்கும் முன் ரிஃபை வாயால் பாடிப் பாருங்கள். வாயில் வராதது விரலிலும் வராது.

முதல் ரிஃபாக டீப் பர்ப்பிள் குழுவின் 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்' பாடலைத்தான் எல்லோரும் கைகாட்டுவார்கள். 1972-இல் வெளிவந்த பாடல். கடைகளில் கிட்டார் சோதிக்க வருபவர்கள் எல்லோரும் இதையே வாசிக்கிறார்கள் என்று கேலி செய்வதுண்டு. கேலியைப் பொருட்படுத்தாதீர்கள், இது நல்ல பாடம். ஜி கம்பியில் மட்டும் வாசிப்பதானால் 0-3-5, 0-3-6-5, 0-3-5-3-0. ஜி சுரத்தை ஷட்ஜமாக வைத்துப் பாடிப் பார்த்தால் சாதாரண காந்தாரமும், சுத்த மத்யமம், பிரதி மத்யமம் இரண்டும் அடுத்தடுத்து வருவது தெரியும். அந்த 6-ஆம் ஃப்ரெட்டின் கரகரப்பான சுவைக்குக் காரணம் அந்தப் பிரதி மத்யமம்தான்.

இதில் முதல் மூன்று சுரங்களும் தாளத் தட்டின்மேல் விழுகின்றன. நான்காவது, அதாவது மீண்டும் வரும் 0, அடுத்த சுற்றின் முதல் தட்டுக்கு அரைத் தட்டு முன்பே வந்துவிடுகிறது. புதிதாக வாசிப்பவர்கள் இதைத் தட்டின்மேலேயே போட்டுவிடுவார்கள்; சுரம் எல்லாம் சரியாக இருந்தும் பாட்டு மரத்துப்போய் ஒலிக்கும். காலால் தட்டிக்கொண்டு வாயால் 'தக தக தக தக' சொல்லிப் பாருங்கள். 'த'வில் கால், 'க'வில் காற்று. மூன்று சுரங்களும் மூன்று 'த'வில். நான்காவது, கடைசி 'க'வில். இது வாயில் உட்காரும்வரை கிட்டார் மூலையிலேயே இருக்கட்டும்.

இதே ரிஃபில் இன்னொரு பொறி உண்டு. 5-ஆம் ஃப்ரெட்டில் சுரம் ஒலித்து முடிந்ததும் விரலைச் சட்டென்று எடுத்தால், எடுக்கும் வேகத்திலேயே கம்பி சுண்டப்பட்டு, நீங்கள் மீட்டாமலேயே 0 ஒலித்துவிடும். அழைக்காத விருந்தாளி. விரலைக் கம்பியிலிருந்து தூக்காதீர்கள். அழுத்தத்தை மட்டும் தளர்த்துங்கள். ஃப்ரெட்டை விட்டுக் கம்பி விலகும், விரல் கம்பியைத் தொட்டபடியே இருக்கும், ஒலி அடங்கும். அடுத்த மீட்டல் வரும் கணத்தில் விரலை விடுவித்தால் போதும். இந்த ஒரு பழக்கம் கைவந்த பிறகு நான் வாசித்த எல்லா ரிஃபும் மாறிவிட்டன. அழுத்துவதைப் போலவே தளர்த்துவதும் ஒரு தனிப் பயிற்சி என்பதை நூல்கள் ஏனோ ஒரு வரியில் முடித்துவிடுகின்றன.

ஒரு கம்பியில் நன்றாக வந்ததும் டி, ஜி இரண்டு கம்பிகளையும் அதே ஃப்ரெட்களில் சேர்த்து வாசியுங்கள். டீப் பர்ப்பிளின் கிட்டார் கலைஞர் ரிச்சி பிளாக்மோர் இதைப் பிக் (கம்பியை மீட்டும் சிறு தகடு) இல்லாமல் விரல்களால்தான் மீட்டுகிறார். இரண்டு கம்பிகளும் ஒரே நொடியில் ஒலிப்பதற்கு அதுவே வசதி.

அடுத்து, ஒயிட் ஸ்ட்ரைப்ஸ் குழுவின் 'செவன் நேஷன் ஆர்மி' (2003). ஏ கம்பியில் 7-7-10-7-5-3-2. தாழ்ந்த சுரங்கள் வாசிக்கும் பேஸ் கிட்டார் போல ஒலித்தாலும் அது பேஸ் இல்லை. அந்தக் குழுவின் ஜாக் ஒயிட் சாதாரணக் கிட்டாரின் ஒலியை, காலால் இயக்கும் பெடல் கொண்டு ஒரு ஸ்தாயி கீழே இறக்கி வாசித்தது. இதில் கை கழுத்தின் நெடுகப் பயணிக்க வேண்டும். நகரும் விரலைப் பார்க்காதீர்கள். சேர வேண்டிய ஃப்ரெட்டை முன்கூட்டியே பாருங்கள், கை தானாக அங்கே போகும்.

இனி அந்த மற்ற ஐந்து கம்பிகள். ஏ கம்பியில் வாசிக்கும்போது ஆள்காட்டி விரலின் நுனி, மேலேயுள்ள தடித்த இ கம்பியை மெல்லத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். அதே விரலின் அடிப்பகுதி கீழுள்ள மெல்லிய கம்பிகள்மேல் அழுத்தாமல் படிந்திருக்க வேண்டும். வலக்கைக்கும் பங்கு உண்டு: உள்ளங்கையின் ஓரத்தைப் பிரிட்ஜ் (கிட்டாரின் உடலில் கம்பிகளைத் தாங்கும் பகுதி) அருகே கம்பிகள்மேல் வைத்து மீட்டினால் 'டக் டக்' என்ற அடங்கிய ஒலி வரும். கை கழுத்துப் பக்கம் நகர்ந்தால் சுரமே செத்துவிடும். பிரிட்ஜுக்குப் பின்னால் போனால் எந்த விளைவும் இருக்காது. இடையிலுள்ள மிகக் குறுகிய இடத்தை உங்கள் கை தானே கண்டுபிடிக்க வேண்டும்.

இங்கே ஒரு கருத்து வேறுபாட்டைச் சொல்ல வேண்டும். 'தொடக்கத்தில் டிஸ்டார்ஷன் வேண்டாம், தெளிவான ஒலியிலேயே பழகு' என்று பலர் அறிவுறுத்துவார்கள். டிஸ்டார்ஷன் என்பது ராக்கில் கேட்கும் அந்தக் கரகரத்த கிட்டார் ஒலி. எனக்கு அந்த அறிவுரையில் பாதிதான் உடன்பாடு. சுரம் சுத்தமாக விழுகிறதா என்று பார்க்கத் தெளிவான ஒலி வேண்டும். ஆனால் டிஸ்டார்ஷன் சிறிய ஒலிகளையும் பெரிதாக்கிக் காட்டும். தெளிவான ஒலியில் கேட்காத தேவையற்ற அதிர்வெல்லாம் அதில் அலறும். அடக்கும் பயிற்சிக்கு அதைவிடக் கண்டிப்பான ஆசிரியர் கிடையாது. ஒரே ரிஃபை இரண்டு விதமாகவும் வாசியுங்கள். ஆம்பில் (ஒலிபெருக்கியில்) டிஸ்டார்ஷனைக் கூட்டும் கெயின் குமிழைப் பாதிக்கு மேல் திருப்ப வேண்டாம்.

பவர் கார்டு அடுத்த படி. தடித்த கம்பியில் ஆள்காட்டி விரல், அடுத்த கம்பியில் இரண்டு ஃப்ரெட் தள்ளி மோதிர விரல்: ஷட்ஜமும் பஞ்சமமும் மட்டும். காந்தாரம் இல்லாததால் அது மேஜரும் இல்லை, மைனரும் இல்லை. டிஸ்டார்ஷனில் குழம்பாமல் ஒலிப்பதும் அதனால்தான். பழகுவதற்குப் பிளாக் சபாத்தின் 'அயர்ன் மேன்' (1970) பொருத்தம். வேகம் குறைவு, ஆனால் கார்டு வடிவம் கலையாமல் சறுக்க வேண்டும். சறுக்கும் வழியில் அழுத்தம் தளர்ந்தால் ஒலி அறுந்துவிடும். முன்பு தளர்த்தப் பழகியதற்கு நேரெதிரான வேலை இது.

விரல்நுனி வலிக்கும். ஃப்ரெட் கம்பிக்கு ஒட்டினாற்போல் அதன் பின்னால் அழுத்தினால் பாதி விசை போதும். இரண்டு ஃப்ரெட்டுக்கு நடுவில் அழுத்துபவர்களுக்குத்தான் வலி அதிகம். தடித்த கம்பித் தொகுப்பைப் பொருத்தியிருந்தால் 9-42 எனப்படும் மெல்லிய தொகுப்புக்கு மாற்றுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இதே 'அயர்ன் மேன்' ரிஃபை வாசித்த பிளாக் சபாத்தின் கிட்டார் கலைஞர் டோனி அயோமி, 17 வயதில் தொழிற்சாலை விபத்தில் கம்பி அழுத்தும் கையின் இரண்டு விரல்நுனிகளை இழந்தவர். பிளாஸ்டிக் உறைகளைத் தாமே செய்து மாட்டிக்கொண்டும், மெல்லிய கம்பிகளைப் பூட்டியும், பின்னாளில் சுருதியை இறக்கியும் வாசித்தார்.

வேகத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்துத் தொடங்குங்கள். இடைவிடாமல் நான்கு சுற்றுப் பிசகின்றி வந்தால் ஐந்து கூட்டுங்கள். தினமும் இருபது நிமிடம், ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரத்தைவிடப் பயன் தரும். கைபேசியில் பதிவு செய்து மறுநாள் கேளுங்கள். வாசிக்கும்போது கவனம் விரலில் இருப்பதால் இடைவெளிகளில் கசியும் ஒலி அப்போது கேட்பதில்லை, பதிவில் கேட்கும்.

கடைசியாக அசல் பதிவோடு சேர்ந்து வாசியுங்கள். காணொளித் தளங்களில் சுருதி மாறாமல் வேகத்தை 0.75 ஆகக் குறைக்கும் வசதி இருக்கிறது. எண்கள் சரியாக இருந்தும் பதிவோடு ஒட்டவில்லை என்றால், அந்தக் குழு கிட்டாரை அரைச் சுரம் இறக்கி வைத்திருக்கலாம். ராக்கில் அது சகஜம். எல்லாக் கம்பிகளையும் ஒரு ஃப்ரெட் அளவு இறக்கிப் பார்த்துவிட்டு, பிறகு உங்கள் விரல்மேல் சந்தேகப்படுங்கள்.