கரும்புக்குள் இருக்கும் காட்டுப்புல்

கொள்ளிடம் பாலத்தைத் தாண்டும்போது பார்த்தேன். மணல்திட்டு முழுக்க நாணல் பூத்து, வெள்ளை வெளேரென்று நிற்கிறது.

இறங்கிப் போய் ஒரு தட்டையை ஒடித்தேன். விரல் பருமன்கூட இல்லை. மென்றால் இனிப்பு பேருக்குத்தான். இலை ஓரம் அப்படியே ரம்பம், அசந்தால் கையைக் கிழித்துவிடும்.

ஆனால் இது கரும்பின் பங்காளி. புல் குடும்பத்தில் இரண்டும் ஒரே பேரினம், சாக்கரம். நாணல், சாக்கரம் ஸ்பான்டேனியம். நம் துணைக்கண்டத்து ஆற்றங்கரைகள் இதன் சொந்த மண். பனாமாவுக்குப் போன இடத்தில் அடங்காத களை.

கோயம்புத்தூரில் 1912-ல் கரும்பு ஆராய்ச்சி நிலையம் வந்தது. அங்கே விஞ்ஞானிகள் பார்பரும் வெங்கட்ராமனும் தடித்த இனிப்புக் கரும்போடு இந்தப் புல்லைக் கலந்தார்கள். பிறந்தது கோ 205 என்ற கரும்பு ரகம். தடித்த கரும்பு தாக்குப்பிடிக்காத வடநாட்டுக் குளிரிலும் இது விளைந்தது, பஞ்சாப் வரை போனது. பிறகு தாவரவியலாளர் ஜானகி அம்மாள் இதே நாணல் புல்லின் குரோமோசோம்களை அங்கேதான் ஆராய்ந்தார்.

இன்று வயலில் நிற்கும் கரும்பு ரகங்களில் பெரும்பாலானவற்றில் நாணலின் ரத்தம் ஓடுகிறது. நோயையும் வறட்சியையும் தாங்கும் தெம்பு பெரும்பாலும் இது கொடுத்ததுதான்.

கூரை வேயலாம், தட்டி கட்டலாம், இளசாக இருந்தால் மாடு தின்னும். கரை மண்ணையும் வேர் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

இதைத்தான் புதர் என்று சொல்லி ஜேசிபி விட்டு வேரோடு வாருகிறோம். கரையோரத்தில் நிற்பதையாவது விட்டுவையுங்கள்.