சொந்த விளக்கத்தை முதலில் எழுதுங்கள்

படங்களைப் பார்த்துப் பலன் சொல்லப் பயன்படும் டாரட் அட்டைகளுக்கான இணையக் குழுமம் ஒன்றில் நான் முதன்முதலாக இட்ட பதிவு சில நிமிடங்களிலேயே நீக்கப்பட்டது. மூன்று அட்டைகளைப் படமெடுத்துப் போட்டு, "இந்த வேலை எனக்குக் கிடைக்குமா?" என்று ஒற்றை வரியில் கேட்டிருந்தேன். கேட்பவர் தம்முடைய விளக்கத்தையும் சேர்த்தே எழுத வேண்டும் என்றொரு விதி அங்கே இருப்பது, நீக்கிய பின் வந்த தானியங்கிச் செய்தியைப் படித்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. மனம் வாடி, ஒரு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை.

பிறகு அதே அட்டைகளை மேசையில் பரப்பிக்கொண்டு எழுத உட்கார்ந்தேன். நடுவில் இருந்தது 'கோப்பை ஐந்து' என்ற அட்டை. 1909-இல் வெளிவந்த ரைடர்-வெயிட் அட்டைக்கட்டுக்காகப் பமேலா கோல்மன் ஸ்மித் வரைந்த அந்தப் படத்தில், கறுப்பு அங்கி போர்த்திய ஒருவர், கவிழ்ந்து கிடக்கும் மூன்று கோப்பைகளின் முன் தலை குனிந்து நிற்கிறார். முதல் நாள் நான் பார்த்தது அவ்வளவுதான். எழுதியே தீர வேண்டும் என்ற கட்டாயம் வந்த பிறகே, அவருடைய முதுகுக்குப் பின்னால் இரண்டு கோப்பைகள் கவிழாமல் நிற்பதும், தொலைவில் ஆற்றைக் கடக்க ஒரு பாலம் இருப்பதும் கண்ணில் பட்டன. நான்கு வரி எழுதினேன். வந்த மறுமொழிகளில் ஒருவர் என்னோடு முற்றிலும் மாறுபட்டார். இன்னொருவர் அந்தப் பாலத்தைப் பற்றி மட்டுமே நீளமாக எழுதினார். பலன் கேட்க வந்த என்னை அட்டை வாசிப்பவளாக மாற்றியது அந்த விதிதான்.

இத்தகைய குழுமங்களில் வேறு விதிகளும் உண்டு. நோய், கருத்தரிப்பு, நீதிமன்ற வழக்கு பற்றிக் கேட்கக் கூடாது. தனிச்செய்தியில் கட்டண வாசிப்புக்கு ஆள் பிடிக்கக் கூடாது. துயரத்தில் இருப்பவரிடம் பணம் பறிப்பதைத் தடுக்கும் விதிகளைப் பற்றி எனக்கு இரண்டாம் எண்ணமே இல்லை.

என்னை உறுத்துவது, விதி எந்த நேரத்தில் கண்ணில் படுகிறது என்பதுதான். ஆய்வாளர் நேதன் மத்தியாஸ், ரெடிட் என்ற இணைய விவாதத் தளத்தின் அறிவியல் குழுமத்தில் 2,190 விவாதங்களை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் சிலவற்றின் உச்சியில் மட்டும் விதிகளை ஒட்டி வைத்துப் பார்த்தார். 2019-இல் வெளியான அந்த ஆய்வின்படி, புதியவர்கள் விதிக்கு உட்பட்டு எழுதும் வாய்ப்பு 8 சதவீதப் புள்ளிகளுக்கு மேல் கூடியது. அவர்களுடைய பங்கேற்பும் சராசரியாக 70 சதவீதம் உயர்ந்தது. அறிவியல் விவாதமும் டாரட் வாசிப்பும் ஒன்றல்ல. ஆனாலும், கண்டிப்பு கூடினால் கூட்டம் குறையும் என்ற பொதுவான அச்சத்தை இந்த முடிவு பெரிதும் தளர்த்துகிறது. வாசலிலேயே சொல்லப்படும் விதி புதியவருக்கு வழி காட்டுகிறது. அதே விதி நீக்கத்துக்குப் பின் வந்தால், அது தண்டனையாகவே படுகிறது, அதற்குப் பிறகு திரும்பி வருபவர்கள் குறைவு.

இப்போது ஒரு சிறிய குழுமத்தில் நானும் பதிவுகளைக் கண்காணிக்கும் மட்டுறுத்துநராக இருக்கிறேன். விதியைத் தளர்த்தவில்லை. பதிவிடும் பெட்டிக்கு மேலேயே ஒரு கேள்வியை மட்டும் எழுதி வைத்திருக்கிறேன்: "இந்த அட்டையில் உங்கள் கண்ணில் முதலில் பட்டது எது, அடுத்துப் பட்டது எது?"