ஒரே ஒரு போட்டோ கேட்டாள் அக்கா

அக்கா பையன் முதன்முதலாக நடந்த வீடியோ என்னிடம்தான் இருந்தது, எடுத்ததும் நான்தான். மொத்தம் 20 நிமிடம். அவன் எந்த நொடியில் நடப்பான் என்று யாருக்குத் தெரியும், அதனால் சோபாவைப் பிடித்துக்கொண்டு நின்றது, தொப்பென்று உட்கார்ந்தது, டிவி ரிமோட்டைக் கடித்தது என்று எல்லாமும் சேர்ந்து அவ்வளவு நீளம். "டேய், முதல் அடி எடுத்து வைக்கிற மாதிரி ஒரே ஒரு போட்டோ எடுத்துக் குடுடா" என்றாள். ரெண்டு நிமிஷ வேலைதான்க்கா என்று சொல்லித் தொலைத்தேன்.

முதலில் விஎல்சி என்ற வீடியோ பிளேயரில் திறந்தேன். ஈ பட்டனைத் தட்டத் தட்ட ஒவ்வொரு ஃப்ரேமாக, அதாவது வீடியோவில் அடுத்தடுத்து ஓடும் தனித்தனிப் படமாக நகரும், ஷிஃப்ட்டையும் எஸ்ஸையும் சேர்த்து அழுத்தினால் அந்த ஃப்ரேம் படமாகச் சேமிக்கப்படும். நல்ல வசதிதான். ஆனால் என்னிடம் இருக்கும் பதிப்பில் ஒரு ஃப்ரேம் தாண்டிவிட்டால் ஒரே ஒரு ஃப்ரேம் பின்னால் வர வழி இல்லை, பின்னால் இழுத்தால் எங்கேயோ தள்ளிப் போய் உட்காருகிறது. வீடியோ ஃபைலில் எல்லா ஃப்ரேமும் முழுப் படமாக இருக்காது, அங்கங்கே ஒன்றுதான் முழுசு, நடுவில் இருப்பதெல்லாம் என்ன மாறியது என்ற கணக்கு மட்டும்தான் என்று அக்காவுக்கு விளக்கினேன். "எல்லாத்தையும் முழுசா வெச்சா என்னவாம்?" என்றாள். வைத்தால் என்ன ஆகும் என்று அடுத்த ஒரு மணி நேரத்தில் நானே கண்டுபிடித்தேன்.

பொறுமை போய், கட்டளை எழுதி வீடியோவை வெட்டிப் பிரிக்கும் எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருளில் இறங்கினேன். ஒரே வரி கட்டளை, எல்லா ஃப்ரேமையும் பிஎன்ஜி படமாகக் கொட்டு என்று எழுதி, கொட்டும் இடமாக டெஸ்க்டாப்பையே காட்டிவிட்டு எழுந்து போய்விட்டேன். நொடிக்கு 30 ஃப்ரேம், 20 நிமிடத்துக்கு 36,000 படம். ஒவ்வொன்றும் சுமார் இரண்டரை எம்பி. மொத்தமே இரண்டரை ஜிபி இருந்த வீடியோ, 90 ஜிபியாக வீங்கப் பார்த்திருக்கிறது. என் டிஸ்க்கில் காலியாக இருந்தது 60 தான். திரும்பி வந்தபோது லேப்டாப் விசிறி ஹெலிகாப்டர் மாதிரி கத்திக்கொண்டிருந்தது, டிஸ்க்கில் இடம் இல்லை என்று பிழைச்செய்தி. கிட்டத்தட்ட 24,000 படம் வந்திருந்தது, அதாவது பதிமூன்று நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே. பயல் நடந்தது 14-வது நிமிடத்தில்.

அப்புறம்தான் புத்தி வந்தது. எங்கே தொடங்கவேண்டும், எத்தனை நொடி வேண்டும் என்று கட்டளையிலேயே சொல்லலாம். நாலே நாலு நொடியை மட்டும் கேட்டேன், 120 படம், கண்மூடித் திறப்பதற்குள் வந்துவிட்டது.

சரி, முடிந்தது என்று அக்காவைப் பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டினேன். ஓடும்போது அவ்வளவு அழகாகச் சிரிக்கிற மனிதர்கள் நிறுத்திப் பார்த்தால் ஏன் இப்படி இருக்கிறார்கள் என்று தெரியவில்லை. 20 படத்தில் அக்காவுக்கு ஒரு கண் மட்டும் மூடியிருந்தது, 30 படத்தில் தும்மப்போகிறவள் மாதிரி வாய். அவள் சரியாக இருக்கும் படத்தில் பையனின் கால் பஞ்சு உருண்டையாகக் கலங்கியிருந்தது, வீட்டுக்குள் வெளிச்சம் குறைவு, அவன் வேகம் அப்படி. ஒரு வழியாக 70 தாண்டியதும் இரண்டு பேர் முகமும் தெளிந்தது, பிஞ்சுக் கால் தரையை விட்டு எழும்பத் தொடங்கியது, அடுத்த படம், அதற்கும் அடுத்தது... அங்கே சந்தோஷத்தில் நான் கை தட்டியிருக்கிறேன், போனைக் கையில் வைத்துக்கொண்டே.

அதற்கு மேல் முழுக்கத் தரைதான். நடுவில் என் வலது கால், 120 படத்திலேயே துளிக் கலங்கல் இல்லாமல், கட்டைவிரல் நகத்து அழுக்கு வரைக்கும் பளிச்சென்று.

அக்கா ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "முதல் அடின்னு மட்டும் சொல்லிட்டேன்டா, யாரோடதுன்னு சொல்லல பாரு, அது என் தப்புதான்."