மானிட்டரைச் சுமந்து போன காலம்: புக்கிட் ஜாலிலிலிருந்து கேஎல்சிசி வரை

கோலாலம்பூரின் புக்கிட் ஜாலில் எல்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கினால், முன்பு ஆக்சியாட்டா அரீனா என்று பெயரிருந்த உள்ளரங்கம் நடக்கிற தூரம்தான். 2018 நவம்பரில் டோட்டா 2 என்ற கணினி விளையாட்டின் பெரிய போட்டியான கோலாலம்பூர் மேஜர் நடந்த இடம். போட்டி பார்க்க வந்தவர் கையில் இருந்திருக்க வேண்டியதெல்லாம் டிக்கெட்டும் பவர்பேங்கும்தான். ஆளுக்கொரு கணினியைக் கொண்டுவந்து, கேபிளால் இணைத்து விளையாடிய பழைய லேன் பார்ட்டி ஆட்களுக்கு இது கொஞ்சம் சப்பென்று இருக்கும்.

அமெரிக்காவின் டெக்சஸில் 1996-இல் குவேக்கான் என்ற விளையாட்டுக் கூடல் தொடங்கியபோது, சொந்தக் கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள்தான் கூட்டமே. இங்கேயும் கடைவீட்டு மாடிகளில் அதே கதைதான். 17 அங்குல சிஆர்டி மானிட்டர், அதாவது பழைய கண்ணாடிக் குழாய்த் திரை, 15 கிலோவுக்குக் குறையாது. கனம் முன்கண்ணாடியில் இருப்பதால் திரையை நெஞ்சோடு அணைத்துத்தான் தூக்க வேண்டும். பின்பக்கம் பிடித்தால் குப்புறக் கவிழ்க்கும். கஞ்சில் என்ற சின்னக் காரின் பின்சீட்டில் தலையணை போட்டுத் திரை கீழே இருக்கும்படி வைப்பார்கள். சிபியு பெட்டியை மதர்போர்டு அடியில் வரும்படி படுக்கப்போட்டால் கிராஃபிக்ஸ் கார்டு தொங்காது. மறந்து நிமிர்த்தி வைத்தவர் போய்ச் சேர்ந்து சுவிட்ச் போட்டதும் ஒரு நீள பீப், இரண்டு குறும் பீப் கேட்பார். கார்டைக் கழற்றி அழுத்திச் செருகினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

உண்மையான தலைவலி கேபிள். கணினிகளை ஒரே பெட்டியில் இணைக்கும் ஹப் விலை இறங்கும்வரை, ஒரு கணினியிலிருந்து அடுத்ததற்கு வரிசையாக ஓடும் ஆர்ஜி-58 கோஆக்ஸ் கேபிள்தான். கணினிக்கு ஒரு டி-கனெக்டர், வரிசையின் இரு முனையிலும் சிக்னலை உறிஞ்சி முடித்துவைக்கும் 50 ஓம் டெர்மினேட்டர் மூடி. ஒரு வரிசை 185 மீட்டர், 30 கணினி, அவ்வளவுதான். டெர்மினேட்டர் ஒன்று கழன்றாலும் சிக்னல் முனையில் மோதித் திரும்பி, வரிசை முழுக்கப் படுத்துவிடும். விடிகாலையில் கிளம்புகிறவர் டி-யை நெட்வொர்க் கார்டிலிருந்து கழற்றினால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. தூக்கக் கலக்கத்தில் டி-யிலிருந்து கேபிளை உருவினால் அத்தனை பேர் ஆட்டமும் நின்றுவிடும். அப்புறம் காதுகொடுத்துக் கேட்க முடியாது!

மின்சாரம் அடுத்தது. 240 வோல்ட், 13 ஆம்பியர் என்றால் கணக்குப்படி ஒரு பிளக் பாயிண்ட் 3,120 வாட் தாங்கும். மானிட்டரோடு ஒரு கணினி 250 வாட் என்று வைத்தால் பத்துப் பன்னிரண்டு போடலாம் போலத் தோன்றும். ஆனால் சுருட்டிய எக்ஸ்டென்ஷன் வயர் சூடேறி உருகும். அதைவிட நுணுக்கமானது எர்த் கசிவு. ஒவ்வொரு பவர் சப்ளையும் ஓரிரு மில்லி ஆம்பியரை எர்த்துக்கு விடும். இருபது கணினி சேர்ந்தால் 30 மில்லி ஆம்பியர் இஎல்சிபி, அதாவது கசிவு கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச், விழுந்துவிடும். லோடு அதிகம் என்று நினைத்து ஃபேனை அணைத்துப் பார்ப்பார்கள், பயனில்லை. கணினிகளை வேறு வேறு இஎல்சிபிக்குப் பிரித்தால்தான் நிற்கும். கரண்ட் திரும்பியதும் எல்லா மானிட்டரும் ஒரே நொடியில் உயிர்பெற்றால் திரையின் காந்தத்தை நீக்கும் டீகாஸ் சுருள்கள் இழுக்கிற இழுப்பில் பிரேக்கர் மறுபடி விழும். ஒவ்வொன்றாகத்தான் போட வேண்டும்.

இரண்டு கணினிக்கு ஒரே நெட்வொர்க் எண் விழும் ஐபி முகவரி சண்டை சின்ன விஷயம். 192.168.0-க்குப் பின்னால் வரும் எண்ணை மேசையில் துண்டுச் சீட்டாக ஒட்டிவிட்டால் தீர்ந்தது.

டெர்மினேட்டர் வாங்க ஓடிய இம்பி பிளாசா கடைவளாகம் இப்போது இல்லை. 1999-இல் திறந்த லோயாட் கணினிக் கடைவளாகம் இருக்கிறது, மோனோரயிலில் இம்பி நிலையம். அங்கிருந்து பவிலியன் மால் போய், 2012-இல் திறந்த குளிரூட்டிய மேல்நடைபாதையில் ஒரு கிலோமீட்டர் சொச்சம் நடந்தால் கேஎல்சிசி மாநாட்டு மையம். டிசம்பரில் வந்தால் காமிக்ஸ், அனிமே ரசிகர் விழாவான காமிக் ஃபியெஸ்டா, 2002-இல் தொடங்கியது. வெயிலோ மழையோ, அந்த நாளில் இந்த நடைபாதைதான் நல்லது. எல்ஆர்டியில் வந்தால் சூரியா மால் கூட்டத்தைத் தாண்ட வேண்டும்.

நடைபாதையில் கதாபாத்திர வேடமிட்டு ஃபோம் கவசமும் ஆளுயர வாளும் தூக்கிக்கொண்டு, கதவுக்குக் கதவு பக்கவாட்டில் திரும்பித் திரும்பி நுழைகிற பிள்ளைகளைப் பார்க்கலாம். வழி விடுங்கள். கவசத்தின் தோள்பட்டை ஒட்டு வியர்வையில் விட்டுப்போனால் ஒட்ட, அவர்கள் பையில் பசை இருக்கும். அந்தக் காலத்துப் பையில் உபரி டெர்மினேட்டர் இருந்தது.